உச்சிமேகத்துக்கு அடியில் ஒரு வளையம்

ஹரிக்கேன் எனப்படும் கடும்புயல் எந்தப் பக்கம் போகும் என்பதை இப்போது ஓரளவு நிம்மதியாகச் சொல்லிவிடுகிறோம். சுற்றியுள்ள பெருங்காற்றுதான் அதை இழுத்துப் போகிறது; அந்த ஓட்டத்தைக் கணினி வானிலை மாடல்கள் நன்றாகவே பிடிக்கின்றன. எவ்வளவு வலுக்கும் என்று கேட்டால்தான் வயிற்றைக் கலக்கும். அது மையத்தைச் சுற்றிச் சில பத்து கிலோமீட்டருக்குள் முடிவாகிற விஷயம்.

நான் இந்தப் புயல் கணிப்பு வேலைக்கு வந்த இரண்டாவது சீசன், இரவு ஷிஃப்ட். திரையில் ஒரு வெப்பமண்டலப் புயல். அகச்சிவப்புப் படத்தில் வெறும் வெள்ளைத் திட்டு, கண் எதுவும் தெரியவில்லை. மேகத்தின் வடிவத்தை வைத்துப் புயலின் வலுவை மதிப்பிடும் டுவோராக் முறைப்படி டி-எண் 3, அதாவது 45 நாட் காற்று என்று குறித்தேன் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்). மறுநாளுக்கு மாடல்களின் சராசரி 60 நாட். அதையே எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் நுண்ணலைப் படம் வந்தது. அந்தச் செயற்கைக்கோள் எப்போதாவதுதான் புயலுக்கு நேர் மேலே கடக்கும். ஆனால் உச்சிமேகத்தைத் தாண்டி அடியில் இருக்கும் மழையைக் காட்டிவிடும். மையத்தைச் சுற்றி நீலப்பச்சையில் மெல்லிய வளையம். தென்மேற்கில் மட்டும் நகக்கண் அளவு இடைவெளி.

வளையம் மூடிவிட்டால், நீராவி மழையாகும்போது வெளிவரும் வெப்பம் மையத்திலேயே தேங்கும். அழுத்தம் இறங்கும், காற்று ஏறும். மேல்காற்றுக்கும் கீழ்காற்றுக்கும் வேறுபாடு அதிகமானால் சுழல் சாய்ந்து, உலர்காற்று உள்ளே நுழைந்து எல்லாம் கலைந்தும் போகலாம். கடல் அதே சூட்டில் இருந்தாலும் இரண்டு புயல்கள் இரண்டு விதமாகப் போவது இதனால்தான்.

நான் எண்ணை மாற்றவில்லை. எல்லா மாடல்களும் ஒரே குரலில் பேசும்போது ஒரே ஒரு படத்தை நம்பி ஏற்ற எனக்குத் துணிச்சல் வரவில்லை. மறுநாள் இரவு காற்று 90 நாட். 24 மணி நேரத்தில் 30 நாட் கூடினாலே அதிவேகத் தீவிரமடைதல் என்போம், இது 45. நல்லவேளை, கரை வெகுதூரம்.

2023 அக்டோபரில் மெக்சிகோவின் கடற்கரை நகரமான அகாபுல்கோவுக்கு அந்தத் தூரம் கிடைக்கவில்லை. அங்கே வந்த புயலின் பெயர் ஓடிஸ். கரையேறுவதற்கு முந்தைய நாள் கணிப்பில் அது ஹரிக்கேனாகக்கூட ஆகவில்லை. 24ஆம் தேதி பிற்பகல் விமானம் உள்ளே போய் அளந்தபோதுதான் நிலைமை புரிந்தது. அதன்பின் மிஞ்சியது அரை நாள். 25ஆம் தேதி அதிகாலை, ஹரிக்கேன்களில் மிக வலுவான வகை 5 ஆகக் கரையேறியது. நாங்கள் நம்பியிருந்த மாடல் ஒன்றுகூட அதைப் பிடிக்கவில்லை. அந்த வாரம் எனக்குத் தூக்கமே இல்லை.

அதற்குப்பின் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வளையம் தெரிந்தால், எண்ணை ஏற்றுகிறேனோ இல்லையோ, ‘மாடல்கள் காட்டுவதைவிட வேகமாக வலுக்கலாம்’ என்று கணிப்பு அறிக்கையின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுவேன். சில நேரம் புயல் ஒன்றுமில்லாமல் கலைந்துவிடும். ‘வீணாகப் பயமுறுத்திவிட்டீர்கள்’ என்பார்கள். அந்தச் சொல்லைத் தாங்கிக்கொள்ள முடிகிறது.