லெட்டர்பேடில் எழுதிய மனு

சாதிப் பாகுபாட்டை ஆய்வு செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தபோது, ஊர் ஊராகப் போய் மக்களிடம் பேசுவதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். முதல் ஆறு மாதம் நான் அதிகம் பேசியது ஒரு கலெக்டர் அலுவலகத் தபால் பிரிவு எழுத்தரிடம்தான்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இன் 17ஆம் விதிப்படி, கலெக்டர் தலைமையிலான விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். மூன்று ஆண்டுகளுக்குக் கணக்குப் பார்த்தால் 12 கூட்டங்கள். ஒரு மாவட்டத்தில் எத்தனை நடந்தன, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு தர வேண்டிய தீருதவித் தொகை பற்றி என்ன பேசினார்கள் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்குவது எனக்கு வந்த முதல் வேலை.

கம்பீரமாக நிறுவனத்தின் லெட்டர்பேடில் மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினேன். 29ஆம் நாள் பதில் வந்தது: நிராகரிப்பு. சட்டத்தின் 3ஆம் பிரிவு உரிமையைக் குடிமக்களுக்குத்தான் தருகிறது. நிறுவனம் குடிமகன் அல்லவாம். வெள்ளைத்தாளில், சொந்தப் பெயரில் எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். இதைச் சொல்ல அவர்களுக்கு 29 நாள் தேவைப்பட்டிருக்கிறது.

இரண்டாவது மனுவில் வேறு முட்டாள்தனம். "ஏன் கூட்டம் கூட்டப்படவில்லை?" என்று கேட்டு எழுதிவிட்டேன். நல்லவேளை, அனுப்பும் முன் எங்கள் மூத்த ஆய்வாளர் அக்கா பார்த்து அடித்துவிட்டார். "கேள்வி கேட்காதே, காகிதம் கேள்." கூட்டத் தேதிகள், அழைப்புக் கடிதங்கள், வருகைப் பதிவு, நடவடிக்கைக் குறிப்புகள் என்று மாற்றினோம். பாதிக்கப்பட்டவர்களின் பெயர்களை மறைத்தே தரலாம் என்றும் 10ஆம் பிரிவைக் காட்டி ஒரு வரி சேர்த்தோம். அந்த வரியை நீங்களும் மறக்காதீர்கள். அந்தரங்கத் தகவல் என்று சொல்லி மொத்தக் கோப்பையும் மூடுவதற்கு அது வழிவிடாது.

30 நாள் கெடு கடந்தும் பதில் இல்லை. நேரில் போனால், "எந்த அமைப்பு, எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்றார் எழுத்தர். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்தின் 6(2) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சொன்னேன். மனு ஆதிதிராவிடர் நலப் பிரிவுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். அங்கே போனால், வரவே இல்லை என்றார்கள். மனுவை மாற்றி அனுப்ப 6(3) தரும் அவகாசம் ஐந்து நாள்தான். அந்த வாரமே மேல்முறையீடு செய்தேன்.

மேல்முறையீட்டில் கோப்பை நேரில் பார்க்க உத்தரவு கிடைத்தது. குறித்த நாளில் பஸ் ஏறிப் போனால், அலமாரிச் சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார். ஒரு முழு நாள் வீண். "வந்தேன், கோப்பு காட்டப்படவில்லை" என்று எழுதி, தபால் பிரிவில் முத்திரை வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன். அடுத்த முறை கோப்பு மேசைமேல் தயாராக இருந்தது.

12 இருக்க வேண்டிய இடத்தில் 5 இருந்தன. அதில் இரண்டு கூட்டங்களின் குறிப்புகள் வரிக்கு வரி ஒன்று. தேதி மட்டும் வேறு. நிலுவையில் இருக்கும் தீருதவித் தொகையை "விரைந்து வழங்க அறிவுறுத்தப்பட்டது" என்ற அதே வாக்கியம் இரண்டிலும் இருந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை, கதவை அடைக்கவில்லை. ஆனால் பணத்துக்காகக் காத்திருந்த குடும்பங்களின் வழக்குகள் அந்த ஒரே வாக்கியத்துக்குள் கிடந்தன. நான் தேடி வந்தது இதைத்தான் என்று அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது.

38 பக்க நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 76 ரூபாய் கேட்டார்கள். கெடு தாண்டினால் இலவசமாகத் தர வேண்டும் என்ற 7(6)-ஐக் காட்டினேன். எழுத்தர் சட்டப் புத்தகத்தை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, ரசீதுப் புத்தகத்தை உள்ளே வைத்தார்.

திட்டத்துக்கான ஆறு மாத நிதி அந்த வாரமே முடிந்தது. அறிக்கையை அடுத்த மாதம், சம்பளம் இல்லாமல் எழுதினேன். இப்போது பக்கத்து மாவட்டத்துக்கு மனு போயிருக்கிறது, வெள்ளைத்தாளில்.