கட்டம் பெரிதானால் கற்றை சூடேறும்

கன அயனி இணைவுக்காக (கன அயனிக் கற்றைகளால் அணுக்கரு இணைவை உண்டாக்கும் முயற்சி) பெர்க்லியின் வார்ப் போன்ற கற்றை உருவகப்படுத்தல் நிரலை ஓட்டுபவர்கள் முதலில் டிபை நீளத்தை, அதாவது ஒரு அயனியின் மின்விளைவைச் சுற்றியுள்ள அயனிகள் மறைத்துவிடும் தூரத்தை, கணக்கிடுங்கள். 300 கிலோ எலக்ட்ரான்வோல்ட், 25 மில்லியாம்பியர், 1 செ.மீ. ஆரமுள்ள பொட்டாசியம் கற்றை, வெப்பநிலை 0.1 எலக்ட்ரான்வோல்ட் என்றால் அது சுமார் 0.12 மி.மீ.தான்!

கணக்குக்காக இடத்தைப் பிரிக்கும் கட்டத்தை அதைவிடப் பெரிதாக 1 மி.மீ. என்று போட்டாலும் நிரல் நிற்காது, பிழையும் காட்டாது. நீண்ட தூரம் ஓடும்போது கற்றை மெல்ல மெல்லப் பொய்யாகச் சூடேறும். குவியப்புள்ளி அகன்றுவிடும், பழி கற்றையைக் குவிக்கும் காந்தத்தின் மேல் விழும். இதில்தான் வாரக்கணக்கில் உழைப்பு வீணாகிறது.

நிரலில் அயனிகளுக்குப் பதிலாக நிற்கும் துகள்களைக் கூட்டினால் சூடேற்றம் மட்டுப்படும். ஆனால் இரைச்சல் பாதியாக 4 மடங்கு துகள் வேண்டும்.

கட்டத்தைப் பாதியாக்கி, ஒரு கட்டத்துக்கான துகள் எண்ணிக்கையை மாற்றாமல் மறுபடி ஓட்டுங்கள். இரண்டு ஓட்டங்களின் எமிட்டன்ஸ் (கற்றையின் அகலமும் திசைச் சிதறலும் சேர்ந்த அளவு) கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். விலகினால் கட்டத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அயனிகளை வெளியிடும் உமிழ்தட்டுக்கு அருகில் இன்னும் நுண்ணிய கட்டம் தேவை. அயனிகள் அங்கேதான் மெதுவாக, நெருக்கமாக இருக்கும்.