மூன்று தலை, மூன்று சீப்பு

சின்னப் பெண்பிள்ளைகளுக்குத் தலை கட்டுவது எப்படி என்று போனில் தேடினால் நூறு வீடியோ வருகிறது. எல்லாம் அழகுதான். ஆனால் அந்த வீடியோக்களில் காற்றே அடிப்பதில்லை. அந்தப் பிள்ளைகள் கூட்டமான பஸ்ஸில் ஏறுவதில்லை, மத்தியானம் கொக்கோ விளையாடுவதில்லை. நாங்கள் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், தோவாளை. ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்துவிட்டால், முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காற்று எங்கள் பிள்ளைகளின் தலையையும் சும்மா விடாது. ஆனி, ஆடியில் வாசல்படி இறங்குவதற்குள் வகிடு கலைந்துவிடும்.

காலையில் என் முன்னால் மூன்று தலைகள் வந்து உட்காரும். இரண்டு என் அண்ணன் பிள்ளைகள், ஒன்று நான் பெற்றது. மைனி (அண்ணன் மனைவி) நாகர்கோவிலில் நர்ஸ். அவளுக்குக் காலை டூட்டி என்றால் பொழுது விடியும் முன்பே பஸ் ஏறிவிடுவாள். நான் வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறேன். மெஷினுக்கு முன்னால் கிடக்கும் ஸ்டூல்தான் எங்கள் பியூட்டி பார்லர். மூத்தவளுக்குக் கை நிறைய அடர்த்தியான முடி. நடுவுள்ளவளுக்குச் சுருட்டை, அப்படியே எங்கள் அண்ணன். என் கடைக்குட்டிக்குப் பட்டுநூல் மாதிரி மெல்லிய முடி, எந்தக் கிளிப்பும் நிற்காது. ஒருத்திக்குச் சரியாக வருவது அடுத்தவளுக்கு வராது.

பள்ளிக்கூட நாளில் நான் பார்ப்பது இரண்டுதான். சாயங்காலம் திரும்பி வரும்போது கட்டு நிற்க வேண்டும். பிள்ளைக்குத் தலை வலிக்கக் கூடாது. அழகு அதற்கு அப்புறம்.

மூத்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ரெட்டைச் சடை, மடித்து ரிப்பன். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பீர்கள். ஆனால் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள், பாதிப் பிள்ளைகளின் ரிப்பன் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கும். ரிப்பனைக் கடைசியில் கட்டுவதால் வருகிற வினை அது. சடை முக்கால்வாசி வந்ததும் ரிப்பனை இரண்டாக மடித்து, அந்த மடிப்பைச் சடையின் மூன்று காலுக்கும் நடுவில் வைத்துவிட வேண்டும். ரிப்பனின் ஒரு பாதியை ஒரு காலோடும் மறுபாதியை இன்னொரு காலோடும் சேர்த்து நுனிவரை பின்ன வேண்டும். நுனியில் ஒரு முடிச்சு. அப்புறம் சடையை மேலே மடித்து, காதுக்குக் கீழே அடிச்சடையைச் சுற்றி ரிப்பனைக் கட்டினால் இழுத்தாலும் வராது. பளபளக்கிற சாட்டின் ரிப்பன் வழுக்கும். கொஞ்சம் சொரசொரப்பான நூல் ரிப்பன்தான் பிடித்து நிற்கும். சுசீந்திரம் மார்கழித் திருவிழாக் கடைகளிலும், கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாக் கடைகளிலும் பிள்ளைகள் கண் போவது சாட்டின் பக்கம்தான். வாங்கிக் கொடுப்பேன், ஞாயிற்றுக்கிழமைக்கு.

இன்னொன்று, வகிடு. நெற்றியிலிருந்து பிடரி வரை தினமும் ஒரே கோட்டில் நேர் வகிடு எடுத்தால் அந்த இடத்தில் நாளாக நாளாகக் கோடு அகலமாகிவிடும். வாரத்துக்கு ஒருமுறை விரல் அகலம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளி எடுக்கலாம். டீச்சர் கண்டுபிடிக்க மாட்டார்.

காற்று நாட்களில் மூத்தவளுக்குச் சாதாரணப் பின்னல் போதாது. முன்பக்கத்தில் புதிதாக முளைத்த குட்டி முடியெல்லாம் கிளம்பிக் கண்ணில் விழும். அன்றைக்கு ஒவ்வொரு பாதியையும் நெற்றியிலிருந்தே பின்ன ஆரம்பிப்பேன். கொஞ்சம் முடியை மூன்று காலாகப் பிரித்து, ஒவ்வொரு திருப்புக்கும் பக்கத்திலிருந்து ஒரு கீற்று முடியைச் சேர்த்துக்கொண்டே பிடரிக்கு வர வேண்டும். பிரெஞ்சு பின்னல் என்று பார்லரில் சொல்கிறார்களே, அதுதான். முடிக்காலை மேலே போடாமல் அடியில் விட்டுப் பின்னினால் பின்னல் எழுந்து நிற்கும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஹெல்மெட் போடுகிற பிள்ளைக்கு உறுத்தும். அண்ணன் பைக்கில் கொண்டுபோய் விடுகிற நாளில் படிந்த பின்னல்தான். உச்சிக் குதிரைவாலும் அன்றைக்குக் கிடையாது.

இனி நடுவுள்ளவள். சுருட்டை முடிக்காரிகளை நம் வீடுகளில் படுத்துகிற பாடு இருக்கிறதே! காய்ந்த தலையில் நெருங்கிய பல் சீப்பைப் போட்டு மேலிருந்து கீழே இழுப்பார்கள், அது கத்தும், 'அடங்காத முடி' என்று முடிமேல் பழியைப் போடுவார்கள். முடி அடங்காமல் இல்லை. நேர்முடியில் தலையின் எண்ணெய்ப்பசை தானாக இறங்கி நுனிக்குப் போகும். சுருட்டையில் வளைவு வளைவாக இறங்க வேண்டும், போய்ச் சேராது. அதனால் நுனி எப்போதும் வறண்டே இருக்கும். லேசாகத் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தேய்த்து நுனியில் தடவி, முதலில் விரலாலும் பிறகு அகலப் பல் சீப்பாலும் நுனியிலிருந்து மேலே ஏறி ஏறிச் சிக்கெடுக்க வேண்டும். நேரம் அதிகம் பிடிக்கும் என்று நினைக்காதீர்கள், கத்தல் இல்லாததால் சீக்கிரம் முடிகிறது.

அவளுக்குப் பின்னலைவிட முறுக்கு நன்றாக நிற்கிறது. முடியை இரண்டே காலாகப் பிரியுங்கள். இரண்டையும் தனித்தனியாக வலப்பக்கமாக முறுக்குங்கள். முறுக்கிய இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பக்கமாகச் சுற்றுங்கள். சூட்சுமம் முழுவதும் இந்த எதிர்த்திசையில் இருக்கிறது. ஒரே திசையில் முறுக்கிச் சுற்றினால் கை எடுத்ததும் அவிழ்ந்துவிடும். எதிரெதிராகச் சுற்றினால் ஒரு கால் அவிழப் பார்க்கும்போது மறு சுற்று அதை இறுக்கும். தேங்காய் நாரில் கயிறு திரிக்கிறவர்கள் செய்வதும் இதேதான். எங்கள் ஆச்சி சின்ன வயதில் கயிறு திரித்தவர். நான் வீடியோ பார்த்து இதைப் படிப்பதைக் கண்டு, 'இதுக்கா மக்களே போனு?' என்று கேட்டார். இரண்டு முறுக்குகளை எடுத்துப் பின்னால் குறுக்காக வைத்து ஸ்லைடு குத்தினால் பிறந்தநாள் வீட்டுக்கே போகலாம்.

ஸ்லைடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் ஒரு கால் நேராக, ஒரு கால் வளைந்து வளைந்து இருக்கும். அந்த வளைந்த கால் தலையைப் பார்த்து அடியில் போக வேண்டும், அதுதான் முடியைப் பிடிக்கும். நம்மில் பெரும்பாலோர் தலைகீழாகக் குத்திவிட்டு ஸ்லைடு நிற்கவில்லை என்கிறோம். கடைக்குட்டியின் வழுக்கும் முடிக்கு ஒன்று போதாது, இரண்டைப் பெருக்கல் குறி மாதிரி குறுக்காகக் குத்துவேன். குளித்த அன்று அவள் முடியில் எதுவும் நிற்காது, மறுநாள்தான் சொன்னபேச்சுக் கேட்கும். அவளுக்கு எளிய கட்டு: காதுக்கு மேலே உள்ள முடியை மட்டும் இரண்டு பக்கமும் எடுத்துப் பின்னால் சேர்த்து ஒரு சின்ன பேண்டு, அந்த வாலை மிச்ச முடியோடு சேர்த்துக் கீழே இன்னொரு பேண்டு. ஒரு பேண்டு தளர்ந்தாலும் மற்றது காப்பாற்றும். குதிரைவால் போலத்தான் தெரியும், ஆனால் ஓடி ஆடினாலும் முன்முடி கலையாது.

பலசரக்குக் கடைப் பொட்டலத்தில் வருகிற ரப்பர் பேண்டைப் பிள்ளை தலையில் போடவே போடாதீர்கள். எடுக்கும்போது கொத்தாக முடியோடு வரும். குட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தால் இழுக்காமல் கத்தரியால் வெட்டி எடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் தொட்டு நழுவ விடுங்கள். எங்கள் வீட்டில் துணி சுற்றிய பேண்டு தவிர வேறு கிடையாது, அதுவும் நான் தைப்பதுதான். பிளவுஸ் வெட்டிய மிச்சத்தில் 4 அங்குல அகலம், 18 அங்குல நீளம் துண்டு ஒன்று போதும். நீளவாக்கில் குழாய் போலத் தைத்துப் புரட்டி, உள்ளே 6 அங்குல எலாஸ்டிக்கைக் கோத்து முடிச்சிட்டு வாயைத் தைத்துவிட்டால் ஆயிற்று. பருத்தித் துணி என்றால் மெல்லிய முடியிலும் வழுக்காது. யூனிபார்ம் துணி மிச்சத்தில் தைத்துக் கொடுத்தால் பள்ளிக்கூடத்திலும் ஒன்றும் சொல்வதில்லை.

இறுக்கம் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 'நாள் முழுக்க நிக்கணும்' என்று கண் மேலே ஏறும்படி இழுத்துக் கட்டுகிற அம்மாக்கள் உண்டு. தினமும் அப்படி இழுத்தால் நெற்றியோரத்திலும் காதுக்கு முன்னாலும் முடி உடைந்து, வேர்க்கால்களில் சின்னச் சின்னப் பருவாக வரும், மெல்ல முடிக்கோடு பின்னால் போகும். டிராக்ஷன் அலோபீசியா என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். ஆரம்பத்திலேயே தளர்த்திவிட்டால் முடி திரும்ப முளைத்துவிடும். ஆண்டுக்கணக்கில் போனால் அந்த வேர் திரும்பாது. கட்டி முடித்ததும் பிள்ளையைப் புருவம் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சிரமப்பட்டால் அவிழ்த்துக் கட்டுங்கள், பஸ் போனாலும் பரவாயில்லை. ராத்திரி படுக்கும்போது எல்லாவற்றையும் அவிழ்த்துத் தளர்வாக ஒரே பின்னல் போதும்.

எண்ணெய்க்கு எங்கள் வீட்டில் வாதம் கிடையாது. இந்த மாவட்டத்தில் தேங்காயெண்ணெயில்தான் சமையல், தலைக்கும் அதேதான். 2003-இல் வந்த ஓர் ஆய்வில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள். முடியின் புரதம் கழிந்து போவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலம் முடி இழைக்குள்ளேயே நுழைகிறதாம். ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன், பெரிய ஆச்சரியம் ஒன்றும் படவில்லை. ஆனால் காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்துப் பஸ்ஸில் அனுப்பினால் தூசியெல்லாம் தலையில்தான். முந்தின ராத்திரி தேய்த்து, லீவு நாள் காலையில் செம்பருத்தி இலையைக் கசக்கித் தாளி (வழவழப்பான சாறு) எடுத்து அலசிவிடுவதே எங்கள் வழக்கம். அந்த வழவழப்பிலேயே பாதிச் சிக்கு விட்டுவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வழக்கம் மாறும். பல மாவட்டங்களுக்கு ஒரு மழைக்காலம் என்றால் எங்களுக்கு இரண்டும் உண்டு, தலை காயவே காயாது. ஈரமுடி ரப்பர் போல இழுபடும், சீப்புக்கு உடையும். ஈரத்தோடு பின்னி அனுப்பினால் சாயங்காலம் அவிழ்க்கும்போது ஒரு வாடை வரும், பொடுகும் சேரும். அந்த மாதங்களில் தலைக்குளியல் சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும்தான், ராத்திரிக்குள் காய்ந்துவிட வேண்டும். மழையில் நனைந்து வந்தால் முதல் வேலை சடையை அவிழ்ப்பது.

பேன். இதைச் சொல்லாமல் பெண்பிள்ளைத் தலையைப் பற்றி எழுதுவது ஏமாற்று வேலை. பேன் பறக்காது, தாவாது. தலையோடு தலை முட்டும்போது நடந்து போகிறது. ஒரே பெஞ்சில் தலையைச் சேர்த்து வைத்துப் பேசுகிற வயதில் வராமல் இருக்குமா? விரித்த முடியைவிடக் கட்டிய சடையில் வாய்ப்புக் குறைவு, ரெட்டைச் சடைக்கு நான் கொடி பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மூன்று பேருக்கும் மூன்று நிறத்தில் தனித்தனிச் சீப்பு. ஈரத் தலையில் கண்டிஷனரைத் தேய்த்துப் பேன் சீப்பால் வாரினால் பேன் ஓட முடியாமல் மாட்டும். ஈர் பொரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் ஒருநாள் வாரிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, சில நாளுக்கு ஒருமுறை என்று இரண்டு மூன்று வாரம் விடாமல் பார்க்க வேண்டும். ஒரு தலையில் கண்டால் மூன்று தலையையும் பாருங்கள். அண்ணன் தலையையும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூ. பக்கத்திலேயே சந்தை இருப்பதால் பிச்சிக்குக் குறைவில்லை, ஓணத்துக்கு முந்தின நாட்கள் தவிர. அப்போது பூவெல்லாம் கேரளாவுக்கு ஏறிவிடும், விலை கேட்கவே பயமாக இருக்கும். சின்னப் பிள்ளைக்கு முழம் முழமாக வைத்தால் பாரம் தாங்காமல் கட்டு சரியும். ஒரு சாண் போதும். சரத்தை முடியில் குத்தாமல், பேண்டுக்கு அடியில் நுழைத்து இரண்டு முனையிலும் ஸ்லைடு போட்டால் ராத்திரி வரை அசையாது.

கடைக்குட்டிக்கு மே மாத லீவில் தோள்வரை வெட்டிவிடலாம் என்று இருக்கிறேன். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வளரும், அடுத்த மே லீவுக்குள் ஏறக்குறைய அரையடி திரும்பி வந்துவிடும். மைனிக்குச் சம்மதம், கடைக்குட்டிக்கும் சம்மதம். ஆச்சி மட்டும், வெட்டுவதற்குப் பதில் மொட்டை போடு, அடர்த்தியாக வரும் என்கிறார். மொட்டை போட்டால் வேர்களின் எண்ணிக்கை கூடாது, முளைக்கிற முடியின் நுனி மழுங்கி இருப்பதால் அடர்த்தி போலத் தோன்றும், அவ்வளவுதான் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். திருச்செந்தூருக்கு எப்போது போகிறோம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.