இரண்டு தாரைகள் முட்டும் இடம்

ராக்கெட் எஞ்சின் என்றாலே எல்லாரும் நெருப்பைத்தான் பார்க்கிறார்கள், எனக்கு எரிபொருளைத் துளைகள் வழியே எரியும் அறைக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் தட்டின் மேல்தான் கண். நேற்று ஆய்வகத்தில் எரிபொருளுக்குப் பதிலாக வெறும் தண்ணீரை விட்டுப் பார்த்தோம். மெல்லிய தாரைகள் இரண்டு சாய்வாக வந்து முட்டி, விசிறி மாதிரி ஒரு படலமாக விரிந்து, ஓரத்தில் நூல்நூலாகக் கிழிந்து துளிகளாகச் சிதறுகின்றன. ஒரு விசிறி மட்டும் கோணலாக நின்றது. கழற்றிப் பார்த்தால் துளையின் வாயில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பிசிறு. அவ்வளவுதான், சாயங்காலம் முழுக்கப் போச்சு!

சின்ன விஷயம் என்று விடவும் முடியாது. துளிகள் எரியும் வேகம் அறையின் அழுத்த அலையோடு தாளம் சேர்ந்துவிட்டால் கண்மூடித் திறப்பதற்குள் எஞ்சினே போய்விடும். நிலாவுக்கு ஆள் அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டுக்கான எஃப்-1 எஞ்சின் ஒன்று 1962-இல் சோதனை மேடையிலேயே இப்படித்தான் போனது. அப்புறம் நாசாவும் அந்த எஞ்சினைத் தயாரித்த ராக்கெட்டைன் நிறுவனமும் செய்தது எனக்கு இன்றும் பிடித்த முரட்டுத்தனம்: எரிந்துகொண்டிருக்கும் அறைக்குள்ளேயே குட்டி வெடிகுண்டை வெடிக்க வைத்து, கிளம்பிய அலை தானாக அடங்குகிறதா என்று பார்த்தார்கள். தட்டின் மேல் தடுப்புகள் வைத்து, துளைகளையும் தாரை முட்டும் கோணங்களையும் மாற்றி மாற்றி, கடைசியில் பத்தில் ஒரு விநாடிக்குள் அடங்க வைத்தார்கள்.

சரி, நாளைக்குப் பிசிறை எடுத்துவிட்டு மறுபடியும் தண்ணீர்.