200 என்று எழுதினேன், 163.84 வந்தது

நரம்பியல் ஆய்வகத்தில் மைக்ரோஸ்டிமுலேஷன் (மிகச் சிறிய மின்னோட்டத்தால் நரம்பணுக்களைத் தூண்டுவது) பக்கம் வரும் ஜூனியர்கள் முதலில் கேட்பது, "டிஎஸ்பியில் (டிஜிட்டல் சிக்னல் பிராசசிங்) எங்கிருந்து தொடங்குவது?" ஃபில்டர், ஃபூரியே எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் கருவியின் கடிகாரத்தைப் படியுங்கள். நான் தலைகீழாகப் படித்து ஒரு மாதத்தைத் தொலைத்தேன்.

வேலை என்னவோ எளிதுதான். மெல்லிய எலக்ட்ரோடு வழியாக 20 மைக்ரோ ஆம்பியர், முதலில் எதிர்த்திசையில் 200 மைக்ரோ வினாடி, உடனே நேர்த்திசையில் அதே அளவு. இரண்டு பாதியும் சேர்ந்தது ஒரு பல்ஸ். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் எலக்ட்ரோடில் மின்னூட்டம் தேங்கும். தேங்கினால் உலோகம் அரிக்கும், சுற்றியுள்ள திசுவும் கெடும்.

சாம்பிள் வேகம், அதாவது கருவி வினாடிக்கு எத்தனை மதிப்புகளை (சாம்பிள்) வெளியிடும் என்பது, 25 கிலோஹெர்ட்ஸ் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒரு சாம்பிள் 40 மைக்ரோ வினாடி, 200க்கு ஐந்து சாம்பிள், கணக்கு சரி என்று விட்டுவிட்டேன். உண்மையில் அது 25 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 1024ஆல் வகுத்து வரும் 24,414 ஹெர்ட்ஸ். அப்படியானால் ஒரு சாம்பிள் 40.96 மைக்ரோ வினாடி. திசை மாறும் 200ஐயும் பல்ஸ் முடியும் 400ஐயும் அதனால் வகுத்தால் 4.88, 9.77. என் நிரல் தசமத்தை வெட்டிவிட்டு 4, 9 என்று எடுத்துக்கொண்டது. முதல் பாதிக்கு நான்கு சாம்பிள், இரண்டாம் பாதிக்கு ஐந்து! ஒரு பல்ஸுக்குச் சுமார் 0.8 நானோ கூலும்ப் மிச்சம். வினாடிக்கு 200 பல்ஸ் வீதம் அரை வினாடி ஓட்டினால் 82 நானோ கூலும்ப்.

நல்லவேளை, இது மேசையோடு போயிற்று. எலக்ட்ரோடுக்குப் பதில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் மட்டும் வைத்துப் பார்த்தபோது ஆசிலோஸ்கோப்பில் 0.2 வோல்ட் சதுர அலைகள் அழகாகவே தெரிந்தன. (அழகாகத் தெரிந்ததுதான் வினை.) தொடரில், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் சேர்த்ததும் அலையின் அடிமட்டம் படிப்படியாக மேலேறி 0.8 வோல்ட்டில் போய் நின்றது. அன்றிலிருந்து நிரலில் நேரத்தை எழுதுவதில்லை. சாம்பிள் எண்ணிக்கையைத்தான் எழுதுகிறேன். 5, 5. ஒவ்வொரு பாதியும் 204.8 மைக்ரோ வினாடி நீளும், நீளட்டும்; கட்டுரையிலும் அதையே எழுதுங்கள்.

வாய்மொழித் தேர்வில் "டிஎஸ்பி கருவி எதற்கு, சாதாரணக் கணினி போதாதா?" என்று கேட்டார்கள். நரம்பணுவின் ஸ்பைக் (மின் துடிப்பு) ஏறக்குறைய ஒரு மில்லி வினாடி. அதைக் கண்டதும் தூண்ட வேண்டுமென்றால் தாமதம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்து வேலைகளுக்கு நடுவே ஓடும் கணினி அந்த உறுதியைத் தராது. இதற்குப் பதில் சொல்லிவிட்டேன்.

தடுமாறியது அடுத்த கேள்வியில்: "100 மைக்ரோ ஆம்பியர் கேட்கிறீர்கள், எலக்ட்ரோடு 500 கிலோ ஓம், கருவி 15 வோல்ட்தான் தரும். எவ்வளவு போகும்?" தேவை 50 வோல்ட். 30 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் போகாது, திரையில் மட்டும் 100 என்றே இருக்கும். ஒரு சேனலை ஒதுக்கி, உண்மையில் போகும் மின்னோட்டத்தையும் பதிவு செய்து வையுங்கள்.