சிஸ்டத்தில் எட்டு இருக்கிறது, ரேக்கில் ஒன்றும் இல்லை

ரொம்ப நாளாக ஸெய்னெப் டோனைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியில் பேராசிரியர். துருக்கியில் பிறந்து, வாலிபால் ஆடியதால் கிடைத்த உதவித்தொகையில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தொழிலகப் பொறியியல் படித்து, அப்புறம் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் முனைவர் பட்டம் வாங்கி, அங்கேயே சில ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு எம்.ஐ.டி.க்கு வந்தவர். சப்ளை செயின், அதாவது சரக்கு தயாராகும் இடத்திலிருந்து கடை ரேக் வரை வந்து சேரும் வழி, அதன் ஆராய்ச்சியாளராகத் தொடங்கியவர் இன்று போகிற இடமெல்லாம் கடை ஊழியர்களின் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறார். துறை மாறிவிட்டார் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சரக்கு எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று நேர்மையாகத் தேடிக்கொண்டே போகிற யாரும் கடைசியில் அங்கேதான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

நான் மளிகைச் சங்கிலிக் கடைகளின் ஸ்டாக் பிரிவில் வேலை பார்த்தவன். அதனால் இது எனக்கு வெறும் படிப்பு விஷயம் இல்லை, கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

சப்ளை செயின் பாடப்புத்தகம் எதை எடுத்தாலும் ஆரம்ப அத்தியாயங்களிலேயே ஒரு சூத்திரம் வரும். ஒரு முறை ஆர்டர் போட்டால் எவ்வளவு போடுவது என்பதற்கான கணக்கு, 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் எழுதியது. அதற்குப் பிறகு வந்த நூறு ஆண்டுக் கணிதம் முழுக்க அதன் மேல் கட்டியதுதான் என்று சொல்லலாம். தேவை மாறினால் என்ன செய்வது, லாரி தாமதமானால் என்ன, நாலு குடோன் இருந்தால் எதில் எவ்வளவு வைப்பது. இத்தனையிலும் யாரும் கேள்வி கேட்காத ஓர் அனுமானம் உண்டு. இப்போது கையில் எத்தனை இருக்கிறது என்பது நமக்குத் தெரியும் என்ற அனுமானம்.

ஹார்வர்டில் டோனுக்கு ஆசிரியராக இருந்த ஆனந்த் ராமனும், நிக்கோல் டிஹொரேஷியஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அந்த அனுமானத்தைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பெரிய அமெரிக்கச் சில்லறை நிறுவனத்தின் 37 கடைகளில் கிட்டத்தட்ட 3,70,000 கையிருப்புப் பதிவுகள். கம்ப்யூட்டர் சொல்லும் எண்ணையும் ஆள் எண்ணிப் பார்த்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். 65 சதவீதம் பொருந்தவில்லை. பார்கோடு, ஸ்கேனர், தானியங்கி ஆர்டர் என்று எல்லாம் வைத்திருந்த நிறுவனம் அது. ஸ்டாக் பிரிவில் வேலை பார்த்த யாருக்கும் இது அதிர்ச்சியாக இருக்காது, ஆனால் 2008இல் ஒரு முதல்தர ஆய்விதழில் அந்த எண் அச்சானது பெரிய விஷயம்.

பொருந்தாவிட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள், ஏனென்றால் சேதம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. ஒரு ஷாம்பு பாட்டில், சிஸ்டத்தில் எட்டு, ரேக்கில் ஒன்றும் இல்லை. ஐந்துக்குக் கீழே இறங்கினால் குடோனுக்கு ஆர்டர் போகும்படி அமைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு இருப்பதாக சிஸ்டம் நம்புவதால் ஆர்டர் போகாது. ரேக் காலியாக இருப்பதால் விற்பனையும் நடக்காது. விற்பனை நடக்காததால் எட்டு எட்டாகவே நிற்கும். சில வாரம் போனதும் முன்கணிப்பு மென்பொருள் இந்தக் கடையில் இந்த ஷாம்புவை யாரும் கேட்பதில்லை என்று முடிவுகட்டி, வரும் மாதத்துக்கான அளவையும் குறைத்துவிடும். கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பிப் போனவர்கள் எந்தத் தரவிலும் இல்லை. யாராவது ஓர் ஊழியர் நின்று, ரேக்கைப் பார்த்து, இது காலியாக இருக்கிறதே என்று சொல்லி எண்ணைத் திருத்தும் வரை இந்தச் சுழல் தானாக நிற்கவே நிற்காது.

எட்டு எப்படி வந்தது? திருட்டு ஒரு காரணம்தான், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு அதுவே எல்லாம் இல்லை. ஒரே விலையில் மூன்று ருசி நூடுல்ஸ் வாங்கினால், கூட்டம் முண்டியடிக்கும்போது பில்லிங்கில் இருப்பவர் ஒன்றையே மூன்று முறை ஸ்கேன் பண்ணிவிடுவார். வாடிக்கையாளருக்குப் பைசா நஷ்டமில்லை, பில் சரி. ஆனால் அந்த ஒரு நொடியில் மூன்று பொருள்களின் கணக்கும் கெட்டுவிடுகிறது. லோடு இறங்கும்போது பெட்டியைப் பிரித்து எண்ணாமல் கையெழுத்துப் போடுவது, திரும்பி வந்த பொருளை வேறு பொருளின் குறியீட்டு எண்ணில் ஏற்றுவது, உடைந்ததை எழுதாமல் விடுவது, இப்படி ஒவ்வொன்றும் சின்னது. ஒரு கடையில் எத்தனை வகைப் பொருள் இருக்கிறதோ அந்த அளவுக்குத் தவறும் கூடுகிறது என்று அந்த ஆய்விலேயே இருக்கிறது.

டோன் உள்ளே வருவது இந்த இடத்தில். அவர் ராமனுடன் சேர்ந்து பார்டர்ஸ் என்ற அமெரிக்கச் சங்கிலியின் புத்தகக் கடைகளை ஆராய்ந்தார். அங்கே கண்டது இன்னும் வருத்தமானது. ஊழியரிடம் உதவி கேட்டு வந்த வாடிக்கையாளர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குப் புத்தகம் கிடைக்கவில்லை, ஆனால் புத்தகம் கடைக்குள்ளேயே இருந்தது. பின்னறையில் பெட்டியில் கிடந்தது, இல்லையென்றால் வேறு அலமாரியில் செருகப்பட்டிருந்தது. யோசித்துப் பாருங்கள், அச்சகத்திலிருந்து கிளம்பி, குடோன் கடந்து, லாரி ஏறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வந்து, கடைசிப் பத்து மீட்டரில் நின்றுபோன சரக்கு. வகைகளையும் இருப்பையும் கூட்டினால் விற்பனை கூடும் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. கூடுகிறது, உண்மைதான். ஆனால் கூடவே இப்படி இருந்தும் இல்லாத சரக்கும் பெருகி, அந்த லாபத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது என்று பார்டர்ஸ் தரவை வைத்து இருவரும் காட்டினார்கள். (பார்டர்ஸ் 2011இல் திவாலாகி எல்லாக் கடைகளையும் மூடியது. அதற்கு இணைய வணிகம் உட்பட வேறு காரணங்கள் நிறைய உண்டு, இதை மட்டும் சொல்லிவிட முடியாது.)

அடுத்த கேள்வி இயல்பாகவே வருகிறது. ஒரே மென்பொருள், ஒரே குடோன், ஒரே விதிமுறை, அப்படியிருந்தும் ஒரு கடையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. ஏன்? ஆட்கள். எத்தனை பேர், எவ்வளவு நாள் பழகியவர்கள், எவ்வளவு கற்றுக்கொடுக்கப்பட்டவர்கள். டோன் ஒரு நிறுவனத்தின் கடைகளில் ஆள் செலவையும் லாபத்தையும் ஒப்பிட்டபோது, ஆள் செலவைக் கூட்டிய கடைகளில் லாபமும் கூடியிருந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது காரணம்தான். ஊழியர்கள் சிரித்துப் பேசி வரவேற்றதால் வந்த லாபமாக அது தெரியவில்லை. சரக்கைச் சரியான நேரத்தில் சரியான இடத்தில் வைப்பது, பழைய விலைச்சீட்டை எடுப்பது, திருப்பி அனுப்ப வேண்டியதை அனுப்புவது போன்ற, யார் கண்ணுக்கும் படாத வேலைகள் ஒழுங்காக நடந்ததால் வந்தது.

ஆனால் கடை மேலாளரின் நிலைமை வேறு. வாடகை அவர் கையில் இல்லை, கொள்முதல் விலை அவர் கையில் இல்லை, விளம்பரம் அவர் கையில் இல்லை. அவரால் இந்த வாரமே குறைக்க முடிந்த பெரிய செலவு ஆள் ஒன்றுதான். விற்பனை குறைந்தால் மேலிடத்திலிருந்து போன் வருகிறது, ஆள் நேரத்தைக் குறைக்கிறார். ஆள் குறைந்ததும் சரக்கு பின்னறையில் தங்குகிறது, விற்பனை இன்னும் குறைகிறது, மறுபடி போன் வருகிறது. மிச்சமானது சம்பளக் கணக்கில் அதே மாதம் தெரியும். போனது எந்தக் கணக்கிலும் தெரியாது. எனக்கு இந்த இடத்தில்தான் கோபம் வருகிறது, ஏனென்றால் இதைத் திறமையான நிர்வாகம் என்று பாராட்டி மேலாளருக்குப் போனஸும் கொடுக்கிறார்கள்.

சர்க்யூட் சிட்டி என்ற மின்னணுப் பொருள் விற்கும் நிறுவனம் 2007 மார்ச்சில் 3,400 விற்பனை ஊழியர்களை ஒரே அடியாக நீக்கியது. நீக்கப்பட்டவர்கள் அந்த வேலைக்கான சந்தைச் சம்பளத்தைவிட அதிகம் வாங்குகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதிகம் வாங்கியவர்கள் பெரும்பாலும் பொருளைப் பற்றி நன்றாகத் தெரிந்த பழைய ஆட்கள். 2008 நவம்பரில் நிறுவனம் திவால் மனு போட்டது, அடுத்த ஆண்டில் கடைகள் எல்லாம் மூடப்பட்டன. போட்டி கடுமையாக இருந்தது, பொருளாதாரமும் சரிந்தது, எல்லாம் சரி. ஆனாலும் மூழ்கும் நேரத்தில் முதலில் யாரைத் தூக்கி வெளியே போட்டார்கள் என்பதை நான் மறப்பதில்லை.

டோனின் வகுப்பறை எப்படி இருக்கும் என்று எனக்கு ஆர்வம் உண்டு. நேரில் உட்கார்ந்ததில்லை, அவர் எழுதிய கேஸ் ஸ்டடிகளை, அதாவது ஒரு நிஜ நிறுவனத்தின் நிலைமையை விவரிக்கும் பாடங்களை, படித்திருக்கிறேன். ஹார்வர்டு முறை தெரிந்ததுதான், மாணவர்கள் முதல்நாளே கேஸைப் படித்துவிட்டு வர வேண்டும், பேராசிரியர் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு நீங்கள் இந்த மேலாளர் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆரம்பிப்பார். விரிவுரை கிடையாது, விவாதம்தான். இந்த முறைக்கு அவர் தேர்ந்தெடுத்த நிறுவனங்களைப் பாருங்கள்: ஒக்லஹோமாவின் டல்சாவில் தலைமையகம் கொண்ட குவிக்டிரிப் என்ற பெட்ரோல் பங்க் கடைச் சங்கிலி, ஸ்பெயினின் மெர்க்கடோனா சூப்பர் மார்க்கெட். எம்.பி.ஏ. முடித்து ஆலோசனை நிறுவனத்துக்கோ வங்கிக்கோ போகப்போகிற பிள்ளைகளை, ஒரு பெட்ரோல் பங்க் கடையில் ஆள் வராத நாளில் என்ன செய்வது என்று முழு வகுப்பும் யோசிக்க வைப்பது நல்ல ஆசிரியர் செய்கிற காரியம்.

குவிக்டிரிப் அதற்கு வைத்திருக்கும் பதில் எளிமையானது. எந்தக் கடைக்கும் சேராத, எந்தக் கடையிலும் நின்று வேலை செய்யத் தெரிந்த மாற்று ஆட்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். கடையில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இந்த மாற்று ஆள் போய் நிற்பார். இது வீண்செலவு என்று எந்த ஆடிட்டரும் சொல்வார். குடோனில் பாதுகாப்பு இருப்பு, அதாவது எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதல் சரக்கு, வைப்பதை வீண்செலவு என்று யாரும் சொல்வதில்லையே, சரக்குக்கு ஒரு நியாயம், ஆளுக்கு ஒரு நியாயமா? மெர்க்கடோனா 2008 நெருக்கடியில் விலையைக் குறைக்க வேண்டி வந்தபோது ஆட்களை அனுப்பவில்லை, பொருள் வகைகளைக் குறைத்தது. எதை எடுக்கலாம் என்று ஊழியர்களிடமே யோசனை கேட்டது. காஸ்ட்கோ என்ற அமெரிக்கச் சங்கிலி சுமார் 4,000 வகைப் பொருள்களோடு ஒரு பிரமாண்ட கடையை நடத்துகிறது, சாதாரண அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். வகை குறைந்தால் எண்ணுவது சுலபம், தவறு குறைவு, ஊழியருக்குப் பொருளைப் பற்றித் தெரியும், வாங்குபவரின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் டோன் ஒரு முறையாகச் சொல்கிறார்: பொருள் வகைகளைக் குறைவாக வை, வேலையை ஒழுங்குபடுத்திவிட்டு முடிவெடுக்கும் உரிமையையும் கொடு, ஒருவருக்கே பல வேலை கற்றுக்கொடு, தேவைக்குக் கொஞ்சம் கூடவே ஆள் வை. நல்ல சம்பளம் கொடுத்தால் மட்டும் போதும் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை, பலர் அவரைத் தவறாகப் புரிந்துகொள்வது இதில்தான். வேலையின் அமைப்பை மாற்றாமல் சம்பளத்தை மட்டும் ஏற்றினால் நிறுவனம் தாங்காது. வேலையை மாற்றினால் அந்த ஆளின் ஒரு மணி நேரத்துக்கு மதிப்பு கூடுகிறது, சம்பளம் கட்டுபடியாகிறது. இது சுத்தமான செயல்பாட்டு மேலாண்மை வாதம், அதாவது அன்றாட வேலையை எப்படி அமைப்பது என்பதைப் பற்றிய வாதம்.

எனக்குச் சந்தேகங்களும் உண்டு. ஜெயித்த நிறுவனங்களை மட்டும் எடுத்து ஆராய்ந்தால் எந்தப் பழக்கமும் வெற்றிக்குக் காரணம் போலத் தெரியும். காஸ்ட்கோவின் லாபத்தில் பெரும்பங்கு, அங்கே வாங்க வாடிக்கையாளர்கள் ஆண்டுதோறும் கட்டும் உறுப்பினர் கட்டணத்திலிருந்து வருகிறது, அந்த வசதி எல்லோருக்கும் கிடையாது. வால்மார்ட் நிறுவனத்தின் இன்னொரு கடைச் சங்கிலியான சாம்ஸ் கிளப் இந்த முறையைப் பின்பற்றி வகைகளைக் குறைத்து, சில வேலைகளுக்குச் சம்பளத்தைக் கூட்டிப் பலன் கண்டது என்பது ஒரு பதில். ஆனால் ஆள் கூலி மலிவாக இருக்கும் நம் நாட்டில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா என்பதை இங்கே இருக்கும் தரவை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் கடைகளில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை போலத்தான் தெரியும், துணிக்கடைக்குப் போனால் கவுண்டருக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். ஆனால் நாள் முழுக்க நிற்கிறார்கள். அவர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது, கேரளம் 2018லேயே செய்துவிட்டது. நான் வேலை பார்த்த இடத்தில் பில்லிங் ஆட்கள் சில மாதத்தில் போய்விடுவார்கள், புதிதாக வருபவருக்கு ஸ்கேனரைக் கையில் கொடுத்துவிட்டு பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கற்றுக்கொள் என்பார்கள். ஸ்டாக் எடுக்கும் நாளில் வித்தியாசம் ஏன் இவ்வளவு என்று அதே ஆட்களை நிறுத்திக் கேட்பார்கள்.

இங்கே எந்தக் கல்லூரியிலாவது சப்ளை செயின் பாடம் நடத்தும் பேராசிரியர் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். எந்தக் கடையில் மாதம் எத்தனை பேர் வேலையை விட்டார்கள் என்ற கணக்கு மனிதவளப் பிரிவில் இருக்கிறது. அதே கடையில் ஸ்டாக் வித்தியாசம் எவ்வளவு என்ற கணக்கு ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கிறது. நான் பார்த்தவரை இந்த இரண்டு பிரிவும் ஒரே கூட்டத்தில் உட்காருவதில்லை. தெரிந்த ஒரு சங்கிலி நிறுவனத்திடம் இரண்டையும் கேட்டு வாங்கி, முப்பது நாற்பது கடைகளுக்குப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, மாணவர்களிடம் கொடுங்கள். ஒரு செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு அது போதும். முடிந்தால் அந்தப் பிள்ளைகளை ஒரு வாரம் லோடு இறங்கும் நேரத்தில் கடையின் பின்வாசலில் நிற்கவையுங்கள், பெட்டியை யார் எண்ணுகிறார்கள், எண்ண நேரம் இருக்கிறதா என்று பார்த்து எழுதட்டும்.