கல்மரமும் ஜன்னல் வெளிச்சமும்

மூன்று வாரமாகத் தேய்த்த கல்மரத் துண்டு நேற்றிரவு முகம் காட்டிவிட்டது! அமெரிக்காவின் அரிசோனாவில் தனியார் நிலத்தில் எடுத்தது. உள்ளங்கை அகலம்தான், வயது 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

மண்ணில் புதைந்த மரத்தில் சிலிக்கா கரைந்த நீர் ஊறி ஊறி, குவார்ட்ஸ் என்னும் கனிமமாகிப்போன உடம்பு இது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் இது 7. சிலிக்கன் கார்பைடு என்ற தேய்ப்புத் தூளில் 80, 220, 400, 600, 1200 என்று படிப்படியாகத் தேய்த்தேன் (எண் ஏற ஏறத் தூள் நுண்மையாகும்). நீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். உலர்ந்த தூசி நுரையீரலைக் கெடுக்கும். 220-இல் கவனிக்காமல் விட்ட ஒரு கீறல் 1200-இல் பளிச்சென்று தெரிந்தது. மறுபடி 220. கடைசியில் மெருகேற்ற சீரியம் ஆக்சைடு தூளும் ஈரத் தோலும்.

சிவப்பும் மஞ்சளும் இரும்பு தந்தவை. அந்தச் செந்நிறத்தை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

படம் எடுப்பது தனிப் பாடு. பளபளப்பு ஏறியதும் கல் கண்ணாடியாகி, ஜன்னலையே திருப்பிக் காட்டியது. ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டி, கல்லைக் கறுப்புத் துணிமேல் சாய்த்து வைத்து, லென்ஸில் மாட்டிய போலரைசர் வடிகட்டியை (பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடி) மெல்லத் திருப்பினேன். மினுக்கம் விலகியது, நிறம் ஆழத்திலிருந்து எழுந்து வந்தது.

(விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலும் கல்மரங்கள் உண்டு, சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை. அங்கே கண்ணாலும் கேமராவாலும் மட்டும் எடுங்கள், சில்லுகூட வேண்டாம்.)

மூன்றாவது படத்தில் இடது ஓரத்தைப் பாருங்கள். மரப்பட்டைப் பகுதியைத் தேய்க்க மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.